சிரட்டைத்தூளில் செய்த எண்ணெய்க் கிண்ணம்

இன்று காலையில் கடையைத் திறந்து சீப்பு அட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தான். பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை. புது பிளாஸ்டிக்கின் வாடை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று சோப்பு டப்பாக்கள், குவளைகள், அடியில் கிண்ணங்கள். ஒரு பச்சைக் கிண்ணத்தை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்துக் காட்டினான். அது துள்ளிக் குதித்து என் காலடியில் வந்து நின்றது. "உடையவே உடையாது அண்ணாச்சி. குத்தால சீசனுக்கு அள்ளிக்கிட்டுப் போயிருவாங்க" என்றான்.

நான் மேசைக்கு அடியிலிருந்து நல்லெண்ணெய்ப் புட்டியை எடுத்தேன். பக்கத்து டீக்கடையில் கொடுத்துக் கொஞ்சம் சுடவைத்து வாங்கி வந்து அந்தப் பச்சைக் கிண்ணத்தில் ஊற்றினேன். சற்று ஊறவிட்டு, ஒரு விரல் தொட்டு, இடது மணிக்கட்டின் உள்பக்கம் தடவிக்கொண்டேன். "நாளைக்கு இந்நேரத்துக்கு வாங்க தம்பி. கையைப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன். அவன் பெட்டியை மூடிக்கொண்டு டீக்கடைக்காரரிடம் போய், "இவருக்கு ஏதும் கோளாறா?" என்று கேட்டிருக்கிறான். "கோளாறு இவருக்கு இல்ல. இவரு கூட்டாளி ஒருத்தரு இருந்தாரு, அவரு பண்ணி வச்ச வேலை" என்றாராம் அவர்.

உம்மைத்தான் சொல்லியிருக்கிறார். உம்மால்தான் வே இந்தத் தென்காசியில் எனக்குப் பாதிக் கிறுக்கன் என்று பெயர். மீதிப் பாதியை நீர் உம்மோடு கொண்டு போய்விட்டீர்.

நீர் முதன்முதலில் என் கடைக்கு வந்தது சீப்பு வாங்க. செங்கோட்டை மலையாளத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்த புதிது. பாளையங்கோட்டையில் கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு, சர்க்கார் வேலைக்குப் போகச் சொன்ன அப்பாவின் பேச்சைக் கேட்காமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தீர் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். சீப்பை எடுத்து வளைத்தீர், முகர்ந்தீர், பல்லால் கடித்தும் பார்த்தீர். "இது எதுல செஞ்சது?" என்று கேட்டீர். "பம்பாய்ல செஞ்சது" என்றேன். "ஊரைக் கேக்கல வே. பொருளைக் கேக்கேன்" என்றீர். சீப்பு விற்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் கேள்வியை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. எனக்கும் தெரியவில்லை. கடித்த சீப்பை நீர் வாங்காமல் போனதுதான் எனக்கு எரிச்சல்.

மறுநாளே திரும்ப வந்தீர். கையில் ஒரு பொட்டலம் உமி, ஒரு பொட்டலம் முந்திரிக்கொட்டை ஓடு. கொல்லத்துப் பக்கம் முந்திரிப் பருப்பை எடுத்துக்கொண்டு ஓட்டை எரிக்கிறார்கள் என்றும், நம் ரைஸ்மில் பின்னால் உமி மலையாகக் குவிந்து வாய்க்காலை அடைக்கிறது என்றும், தென்னஞ்சிரட்டை எங்கே பார்த்தாலும் கிடக்கிறது என்றும் ஒரே மூச்சில் சொன்னீர். முந்திரி ஓட்டில் வடிகிற ஓட்டெண்ணெயைக் காய்ச்சிப் பிசினாக்கி, உமித்தூளும் சிரட்டைத்தூளும் சேர்த்து, சூட்டோடு அச்சில் அமுக்கினால் பம்பாய்ச் சாமான் மாதிரியே வரும் என்பது உம் கணக்கு. "கப்பல்ல வாற தூளை வச்சு பம்பாய்க்காரன் செய்யுதான். நம்ம குப்பையை வச்சு நாம செய்வோம். பழசாப் போச்சுன்னா அடுப்புல போட்டுறலாம்" என்றீர். ஒரு மனுஷன் குப்பையைப் பற்றி இவ்வளவு ஆசையாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

அந்தப் பேச்சில் மயங்கி நான் கெட்டேன். எங்கள் வீட்டில் கைலி மூட்டை அமுக்கும் திருகு எந்திரம் ஒன்று சும்மா கிடந்தது. அதை ரைஸ்மில்லுக்குப் பின்னால் நீர் போட்டிருந்த ஓலைக் கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிவிட்டேன். பாத்திரப் பட்டறையில் சொல்லி அச்சு வார்த்தோம். சிரட்டையை அரைக்க மாவு மில்லுக்குப் போனோம். நமக்குப் பின்னால் அரைத்த வீட்டில் புட்டு கறுப்பாக அவிந்துவிட்டது. அந்த அம்மா தூக்குவாளியோடு வந்து மில்காரரைச் சத்தம் போட, மில்காரர் நம்மைச் சத்தம் போட, நீர் அந்தப் புட்டை ஒரு கை அள்ளித் தின்று பார்த்து, "நல்லாத்தான் ஆச்சி இருக்கு" என்றீர். அதோடு அந்த மில்லில் நமக்கு வாசல் அடைத்தது. பிறகு உரலில் இடித்தோம்.

உரலில் இடித்தது நாமா? உம் மனைவி செண்பகம் அல்லவா இடித்தாள். கல்யாணமாகி வந்த முதல் வருஷம், ராயகிரியில் வயலும் மாடுமாக இருந்த உம் அப்பா வீட்டை விட்டு, பிசினுக்குச் சேர்க்கும் பார்மலின் நெடியில் கண்ணெரிய உம்மோடு நின்றாள். "அண்ணாச்சி, உங்க கூட்டாளி என்னைக் கட்டிக்கிட்டாரா, இந்த உரலைக் கட்டிக்கிட்டாரான்னு கேட்டுச் சொல்லுங்க" என்பாள். கேட்டால் நீர் சிரிப்பீர். உம் சிரிப்பில் முன்பல் இரண்டும் தெரியும்.

சோப்பு டப்பாவில் தொடங்கிய உம்மைக் கிண்ணத்துக்கு இழுத்தது குற்றாலம். அந்த ஆனிச் சாரலில் பேரருவிப் பக்கம் குளிக்கப் போயிருந்தோம். எண்ணெய்ப் புட்டி ஒன்று யாரோ கைதவறிப் பாறையில் விழுந்து உடைந்து, ஒரு பெரியவரின் குதிகாலைக் கிழித்துவிட்டது. எண்ணெய் தேய்த்துவிடும் மாடசாமிதான் ஓடிவந்து தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். "தினமும் இதான் அண்ணாச்சி. கண்ணாடின்னா உடையுது, பித்தளைன்னா வழுக்கி அருவிக்குள்ள போயிருது" என்றார். நீர் அந்த ரத்தத்தைப் பார்த்தீரா, உடைந்த புட்டியைப் பார்த்தீரா தெரியாது. கொட்டகைக்குப் போனதும் சோப்பு டப்பா அச்சைக் கழற்றி வைத்துவிட்டீர்.

கிண்ணம் நன்றாகத்தான் வந்தது. மையைப் போல் கறுப்பு, உள்ளங்கையில் நிற்கும் வாகு, வழுக்காமல் இருக்க வெளிப்பக்கம் சொரசொரப்பு. அதை நாம் சோதித்த சோதனைகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உமி சேர்ந்த சாமான் தண்ணீரில் ஊதிவிடும் என்பதுதான் உமக்குப் பயம். கொதிக்கிற நீரில் போட்டீர். வாய்க்காலில் கல்லைக் கட்டி அமுக்கி வைத்தீர். ஒன்றைக் கயிற்றில் கட்டி ஐந்தருவி ஓரத்தில் தொங்கவிட்டோம். குரங்கு ஒன்று கயிற்றை அறுத்துக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறி, டங் டங் என்று அடித்தது. நான் கல்லை எடுத்தேன். நீர் என் கையைப் பிடித்து, "விடும் வே, அடிக்கட்டும். நம்மள விட நல்லா டெஸ்ட் பண்ணுது" என்றீர். கிண்ணம் உடையவில்லை. குரங்குக்கே அலுத்துப்போய்க் கீழே எறிந்தது. அன்று நீர் ஆடிய ஆட்டத்தைக் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன.

தண்ணீர், தண்ணீர், தண்ணீர். குற்றாலத்துக்குப் பக்கத்தில் பிறந்த நமக்கு வேறெதுவும் தோன்றவில்லை. எண்ணெய்க் கிண்ணம் செய்த இரண்டு பேரும் அதில் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றிப் பார்க்கவில்லை வே! இதை வெளியூரில் சொன்னால் நம்புவார்களா?

அடுத்த சாரலுக்கு முதல் கிண்ணத்தை மாடசாமிக்குத்தான் கொடுத்தீர். மற்றவர்கள் அவர் உபயோகித்துச் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். குளிரில் எண்ணெய் ஆறாமலிருக்கக் கரியடுப்பின் ஓரத்தில் கிண்ணத்தை வைத்து வைத்து எடுப்பது அவர் வழக்கம். அன்றைக்குப் பொழுதுக்கும் அந்தச் சூட்டு எண்ணெயில் அவர் கை நனைந்தது. மறுநாள் காலையில் அவர் மனைவி என் கடை வாசலில் வந்து நின்றாள். "அவுக கையை வந்து பாருங்க" என்றாள்.

நாம் இருவரும் போனோம். இரண்டு உள்ளங்கையும் சிவந்து, விரலிடுக்கெல்லாம் கொப்புளம். சோற்றைப் பிசையவே முடியவில்லை அவருக்கு. நல்லவேளை, குளித்தவர்களுக்கு அருவியில் எண்ணெய் போய்விட்டதால் அரிப்போடு தப்பினார்கள். நீர் அந்தக் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தீர். உம் முகம் செத்துப்போனது. "ஓட்டெண்ணெய் உள்ளுக்குள்ள வேகல வே. மேலதான் வெந்திருக்கு. பச்சை ஓட்டெண்ணெய் பட்டா தோலைப் பொசுக்கிரும். தண்ணி அதைத் தொடாது, எண்ணெய் இழுத்துட்டு வந்துரும். எனக்கு இது தெரியாதா? தெரியும் வே. தெரிஞ்சும் தோணல" என்றீர். மாடசாமி உம்மைத் திட்டியிருந்தால் நீர் தாங்கியிருப்பீர். அவரோ, "கை ஆறுததுக்குள்ள சீசன் போயிருமே அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

அதுதான் விஷயம். ஆனியும் ஆடியும் ஆவணியும்தான் அவர் கைக்கு வேலை. அந்த வேலையில்தான் வருஷம் முழுக்க அவர் வீட்டில் உலை கொதிக்கும். அவர் உட்காரும் பாறையில் இரண்டு நாள் ஆள் இல்லாவிட்டால் வேறொருத்தர் வந்து உட்கார்ந்துவிடுவார். அடுத்த வருஷம் அந்த இடமும் இல்லை.

மறுநாள் உம்மைக் கொட்டகையில் காணோம். ஒருவேளை ராயகிரிக்கு ஓடிவிட்டீரோ என்றுகூட நினைத்தேன். குற்றாலம் போய்ப் பார்த்தால், மாடசாமியின் பாறையில், மாடசாமியின் பழைய பித்தளைக் கிண்ணத்தோடு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பி.எஸ்ஸி. பட்டதாரி உட்கார்ந்திருக்கிறீர். பக்கத்தில் மாடசாமி, கையில் துணி சுற்றிக்கொண்டு, "தோள்பட்டையில அழுத்துங்க, நடு முதுகுல அழுத்தாதீங்க" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். உமக்கு அடியில் ஒரு செட்டியார் "ஐயோ, ஐயோ" என்று அலறிக்கொண்டிருக்கிறார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீர் நிமிர்ந்து பார்த்து, "சும்மா நிக்காதேயும். அடுத்த ஆளைக் கூப்பிடும்" என்றீர். கூப்பிட்டேன். கடையை அடைத்துவிட்டு வந்து அந்த வாரம் முழுக்க நான் ஆள் கூப்பிட்டேன். கிடைத்ததையெல்லாம் அப்படியே மாடசாமி வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் நீர் உம் வீட்டுக்குப் போனீர்.

உம் பெரியப்பா ராயகிரியிலிருந்து குளிக்க வந்த அன்றைக்கு நான் உம் பக்கத்தில்தான் நின்றேன். சட்டையைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தேய்க்க யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தவர் உம் முன்னால் வந்து நின்றுவிட்டார். சாரல் அவர் நரைத்த மார்பில் விழுந்துகொண்டிருந்தது. நான் உம்மை எங்கேயாவது ஒளித்துவைக்க முடியுமா என்று பார்த்தேன். நீரோ பலகையைத் துடைத்து, "படுங்க பெரியப்பா. முதுகைக் காட்டுங்க" என்றீர்.

"ஏலே, நம்ம வீட்டுப் பிள்ளை செய்யுத வேலையால இது? அந்தச் சவத்தைத் தூரப் போட்டுட்டு வீட்டுக்கு வா."

"வாரேன் பெரியப்பா. மாடசாமிக்குக் கை ஆறட்டும். என்னாலதான் அவருக்குக் கை போச்சு."

பெரியப்பா எண்ணெய் தேய்க்காமலே அருவிக்குப் போய்விட்டார். ஊருக்குப் போய்ச் சும்மா இருப்பாரா? உம் அப்பா வந்து செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று கொட்டகை வாசலில் நின்றார். அவள் உலக்கையை நிறுத்தாமல் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "மாமா, கொப்புளம் அந்த ஆளுக்கு வந்திருக்கு. நமக்கு வெக்கம் வந்ததுதான் பெருசாப் போச்சா?" உம் அப்பா கொண்டு வந்திருந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். எனக்கு உம்மேல் பிரியம் உண்டு. ஆனால் அன்றைக்கு அவள்மேல் வந்தது மரியாதை.

ஆவணி கடைசியில் மாடசாமியின் கையில் புதுத்தோல் வந்தது. அவர் பாறை அவருக்கே இருந்தது. நீர் இறங்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினீர். உம் விரல்கள் எண்ணெயில் ஊறி மினுங்கின. இனிமேல் கிண்ணமே வேண்டாம் என்பீர் என்று நினைத்திருந்தேன். நீரோ ஓட்டெண்ணெயை முதலில் தனியாகக் கொதிக்கவைத்துப் பிறகு பிசினாக்கினீர். அச்சிலிருந்து எடுத்த கிண்ணத்தைச் சூட்டு மணலில் புதைத்து மறுபடியும் வேகவிட்டீர். கடைசியாக ஒரு சட்டம் போட்டீர். ஒவ்வொரு அடுக்குக் கிண்ணத்திலும் ஒன்றை எடுத்துச் சூட்டு எண்ணெய் ஊற்றி, அந்த எண்ணெயை நம் மணிக்கட்டில் தடவி, ஒரு நாள் பொறுக்க வேண்டும். தோல் சுத்தமாக இருந்தால்தான் அந்த அடுக்கு குற்றாலத்துக்குப் போகும்.

நம் மணிக்கட்டு என்று சொன்னீரே தவிர, முக்கால்வாசி என் மணிக்கட்டுத்தான். உமக்கு ஏற்கனவே தோல் தடித்துவிட்டதாம், எண்ணெய் சரியாகச் சொல்லாதாம். காலையில் நான் கடை திறக்கும்போது வந்து நிற்பீர். சலாம் இல்லை, வணக்கம் இல்லை. "கையைக் காட்டும் வே." நான் காட்டுவேன். வெளிச்சத்துக்குத் திருப்பி, தடவி, முகர்ந்து பார்ப்பீர். முதலில் கொஞ்ச நாள் சிவந்து சிவந்து வந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஒருநாள் சுத்தமாக இருந்தது. நீர் என் கையை விடவே இல்லை. கடை வாசலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, மாப்பிள்ளை கையைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு நின்றீர்.

அதற்குப் பிறகு எத்தனையோ சாரலுக்கு உம் கறுப்புக் கிண்ணங்கள் குற்றாலத்துப் பாறைகளில் இருந்தன. நீர் பெரிய ஃபேக்டரி ஒன்றும் கட்டவில்லை. பிறகு நீர் மறுபடியும் செய்த சோப்பு டப்பாவைக் கறுப்பாக இருக்கிறது என்று வாங்க மறுத்தார்கள். அந்த ஆத்திரத்தில் நான் வாடிக்கைக்காரர்களோடு சண்டை போட்டேன். நீர் உள்ளே உட்கார்ந்து வெற்றிலை மடித்தீர். கலர் பிளாஸ்டிக் வரத் தொடங்கியபோது, "நல்லாத்தான் செய்யுதான். பழசானா என்ன செய்வான்னுதான் தெரியல" என்று மட்டும் சொன்னீர். எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. வருகிற பிரதிநிதிகளைக் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை.

போன வருஷம் நீர் மார்வலியில் போனது ஒரு மத்தியானம். அன்று காலையில்கூட என் கையைப் பார்த்துவிட்டுப் போயிருந்தீர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. சொல்லிவிட்டுப் போகிற வழக்கமே உமக்குக் கிடையாது. ஒருமுறை என்னை ஐந்தருவியில் காத்திருக்கச் சொல்லிவிட்டுச் செங்கோட்டைக்குப் போன ஆள்தானே நீர்.

உம்மைக் குளிப்பாட்ட வாசலில் பெஞ்சு போட்டார்கள். தலைக்கு எண்ணெய் வைக்க ராயகிரிச் சொந்தங்கள் வரிசையில் நின்றார்கள். நான் வேலியோரமாக நின்றேன். குற்றாலத்திலிருந்து மாடசாமி வந்தார், மடியில் எதையோ பொதிந்துகொண்டு. அவிழ்த்தால், கை ஆறின பிறகு நீர் கொடுத்த கறுப்புக் கிண்ணம், பழகிப் பழகிப் பளபளவென்று. எல்லாரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். கண் மங்கிக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தவர் அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். "எண்ணெயை இதுலயே ஊத்துங்க" என்றார். பிறகு வேலிப்பக்கம் திரும்பி, "காதரு, அங்கன ஏன் நிக்கீரு? வாரும்" என்றார்.

செண்பகம்தான் எண்ணெயைச் சூடாக்கிக் கொண்டுவந்து ஊற்றினாள். மாடசாமி கிண்ணத்தை என் முன்னால் நீட்டினார். நான் ஒரு விரல் தொட்டேன். உம் தலைக்குத்தான் போயிருக்க வேண்டும் அந்த விரல். அது தன்பாட்டில் என் இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது. தடவிவிட்டு நின்றேன். யாரோ பின்னால், "என்ன செய்யுதாரு இவரு?" என்றார்கள். செண்பகத்துக்குத் தெரியும். அதுவரை அழாமல் நின்றவள் அப்போதுதான் அழுதாள்.

ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்பது உம் சட்டம். அன்றைக்குப் பொறுக்க நேரமில்லை. மறுபடியும் தொட்டு உம் உச்சியில் வைத்தேன். தலை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது போலத்தான் எனக்குத் தோன்றியது. எண்ணெயின் சூடாக இருக்கும்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கடையைத் திறந்தேன். கையைக் காட்டும் வே என்று கேட்க ஆளில்லை. நானே வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இதை உம்மிடம் சொல்லாமல் ஒரு வருஷம் வைத்திருந்தேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம். ஒன்றும் வரவில்லை வே. தோல் சுத்தமாக இருந்தது.